பட்டத்துக்கு நேரே ஒரு சம்பளத் தொகை: அது யாருடைய சம்பளம்?

பழனியில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர் மகளுக்கு அமெரிக்காவில் ஒரு சின்ன தனியார் பல்கலைக்கழகத்தில் இளங்கலை உயிரியலுக்கு இடம் கிடைத்திருந்தது. படத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடப்பிரிவுகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் நேரே டாலரில் ஒரு தொகை. செவிலியர் படிப்புக்கு நல்ல தொகை. வணிக நிர்வாகத்துக்கு அதைவிடக் குறைவு. உயிரியலுக்கு நேரே தொகையே இல்லை, 'தரவு இல்லை' என்று மட்டும் போட்டிருந்தது. கூடவே அண்ணனின் குரல்பதிவு: "தம்பி, இங்க உயிரியல் படிச்சவங்களுக்குச் சம்பளமே வராதா? பாத்துச் சொல்லுப்பா."

சம்பளம் வரும். அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று சொல்லப் புகுந்தால், பக்கத்தில் நிரம்பியிருக்கும் கட்டங்களையும் எப்படிப் படிப்பது என்று சொல்ல வேண்டிவரும். அவரிடம் அன்று போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

இந்தத் தொகைகள் எங்கிருந்து வருகின்றன? அமெரிக்கக் கல்வித்துறை 2013-ல் தொடங்கிய 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்ற இணையதளத்தை 2015 செப்டம்பரில் புதுப்பித்து, வருமானத் தொகைகளோடு வெளியிட்டது. கல்லூரிகளுக்கு அரசே மதிப்பெண் போடப்போகிறது என்று ஒபாமா 2013-ல் அறிவித்திருந்தார். கல்லூரிகள் பலமாக எதிர்த்தன. மதிப்பெண் போடும் திட்டம் கைவிடப்பட்டு, தகவலை மட்டும் பொதுவில் வைப்பது என்று முடிந்தது. முதலில் ஒரு கல்லூரிக்கு மொத்தமாக ஒரே ஒரு வருமானத் தொகைதான் இருந்தது. 2019 நவம்பரில்தான் பாடப்பிரிவு வாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். "எந்தப் பட்டத்துக்கு எவ்வளவு சம்பளம்" என்று அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிப் போடும் தளங்களில் பலவும் இந்தக் கிணற்றில் தண்ணீர் மொள்பவைதான்.

இதில் பாராட்ட வேண்டியது ஒன்று உண்டு. இது கல்லூரி தானாகச் சொல்லிக்கொண்ட கணக்கு இல்லை. மாணவர்களின் பெயர்ப் பட்டியலைக் கல்வித்துறை வருமான வரிப் பதிவுகளோடு ஒப்பிட்டு எடுக்கிறது. "எங்கள் மாணவர் இத்தனை லட்சம் வாங்குகிறார்" என்று பிளெக்ஸ் வைக்கிற வேலை இங்கே நடக்காது.

ஆனால் எந்த மாணவர்கள்? இங்கேதான் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவியை, அதாவது பெல் கிராண்ட் போன்ற உதவித்தொகையையோ மத்திய அரசுக் கடனையோ, வாங்கிப் படித்தவர்கள் மட்டும்தான் இந்தக் கணக்கில் வருகிறார்கள். அவர்கள் விவரம் மட்டும்தான் கல்வித்துறையின் கையில் இந்த வகையில் இருக்கிறது. அப்பா மொத்தப் பணத்தையும் கட்டிப் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளை இதில் இல்லை. மாணவர் விசாவில் போய்ப் படித்தவரும் இல்லை, ஏனென்றால் அவருக்கு அந்த உதவி கிடைக்கவே கிடைக்காது. அண்ணன் மகள் அங்கே நான்கு வருடம் படித்து, பட்டம் வாங்கி, வேலைக்கும் போனாலும் அந்தப் பட்டியலில் அவள் சம்பளம் ஒருநாளும் சேராது. அவளுக்கு முன்னால் இங்கிருந்து போனவர்களின் சம்பளமும் அதில் இல்லை.

இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப யாரோ சாப்பிட்ட மருந்துச் சீட்ட வச்சு நான் மாத்திரை எடுக்கிறேன்னு சொல்ற." மருந்துக்கடைக்காரர் அல்லவா, சட்டென்று பிடித்துவிட்டார்.

அடுத்தது, அந்தத் தொகை சராசரி இல்லை, இடைநிலை. பள்ளிக் கணக்கில் படித்ததுதான்: எல்லாருடைய வருமானத்தையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக நிற்கவைத்து, நட்ட நடுவில் நிற்பவருடையதை எடுப்பது. பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே. சராசரியை ஏன் எடுப்பதில்லை என்பதற்கு அமெரிக்கப் பேராசிரியர்கள் சொல்லும் வேடிக்கை ஒன்று உண்டு. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் படித்தது புவியியல். அவரையும் சேர்த்துச் சராசரி போட்டால், அந்த வருடத்தில் உலகத்திலேயே லாபமான படிப்பு புவியியல்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது நானே வைத்துக்கொண்ட எண்கள், எந்தக் கல்லூரியுடையதும் இல்லை. ஒரு துறையில் படித்து முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களின் ஆண்டு வருமானம், ஆயிரம் டாலரில்: 18, 24, 31, 36, 41, 47, 52, 68, 140. நடுவில் நிற்பது ஐந்தாவது ஆள், 41. சராசரி போட்டால் 50.8 வரும். ஒன்பது பேரில் ஆறு பேர் அந்தச் சராசரியைத் தொடவே இல்லை. ஆகவே இடைநிலைதான் நேர்மையான அளவு. அதுவரைக்கும் சரி.

இப்போது அந்த 18-உம் 24-உம் பகுதி நேர வேலையை விட்டுவிட்டு முதுகலை படிக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கின் விதி என்னவென்றால், வேலையில் இருந்து, படிப்பில் இல்லாதவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். ஆகவே அந்த இருவரும் வரிசையை விட்டுப் போய்விடுவார்கள். மிச்சம் ஏழு பேர்: 31, 36, 41, 47, 52, 68, 140. நடுவில் இருப்பவர் இப்போது 47. ஒருவருக்கும் ஒரு டாலர்கூடச் சம்பளம் உயரவில்லை. ஆனால் துறையின் 'வருமானம்' 41 ஆயிரத்திலிருந்து 47 ஆயிரத்துக்குப் போய்விட்டது.

வருடத்துக்கு ஐநூறு பேர் படித்து வெளியே வரும் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் வரிசையை விட்டுப் போனால் எண் அசையாது. சின்னப் பல்கலைக்கழகத்தில், ஒரு துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் பட்டம் வாங்கும் இடத்தில், ஒருவர் வேலை மாறினாலே எண் ஆடும். அதனால் ஸ்கோர்கார்டில் இரண்டு வருடத்து மாணவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அப்படிச் சேர்த்தும் ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால் தொகையை வெளியிடவே மாட்டார்கள். நான்கு பேர் படித்த துறையில் இடைநிலையைச் சொன்னால், யார் எவ்வளவு வாங்குகிறார் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வருமான வரி விவரம் ரகசியம் என்பதால் கட்டத்தை மூடிவிடுகிறார்கள்.

அண்ணன் பார்த்த 'தரவு இல்லை' இதுதான். உயிரியலில் ஆள் குறைவு, அல்லது படித்தவர்களில் அரசு உதவி வாங்கியவர்கள் குறைவு, அல்லது முடித்தவர்களில் பலர் மேலே படிக்கப் போய்விட்டார்கள். துறை மோசம் என்று அதற்கு அர்த்தம் இல்லை, நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தம் இல்லை. சின்னப் பல்கலைக்கழகங்களின் பக்கத்தைத் திறந்தால் இப்படிக் காலிக் கட்டங்கள் நிறையவே கண்ணில் படும். நிரம்பியிருக்கும் நாலைந்து கட்டங்களை வைத்து அந்தப் பல்கலைக்கழகத்தையே எடை போடுகிறோம் என்பதுதான் வேடிக்கை.

இன்னொரு குழப்பம், எப்போதைய வருமானம் என்பது. கல்லூரி முழுவதற்கும் மேலே பெரிதாகப் போட்டிருக்கும் தொகை, மாணவர் கல்லூரியில் சேர்ந்து 10 ஆண்டுகள் கழித்து வாங்குவது. அதில் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. பாடப்பிரிவுக்கு நேரே இருக்கும் தொகையோ, பட்டம் வாங்கியவர்களுடையது மட்டும். 2019-ல் தொடங்கியபோது பட்டம் வாங்கி ஓர் ஆண்டுக்குப் பிந்தைய வருமானம்தான் கிடைத்தது. பிறகு வந்த வெளியீடுகளில் 4, 5 ஆண்டுகள் கழித்து வாங்கும் தொகையும் சேர்ந்தது. ஒரே பக்கத்தில் மேலே ஒரு அளவுகோல், கீழே வேறு அளவுகோல். இரண்டையும் பக்கத்தில் வைத்து "கல்லூரியின் வருமானத்தைவிட இந்தத் துறையின் வருமானம் குறைவு" என்று முடிவுகட்டுவது, மதுரை தூரத்தைக் கிலோமீட்டரிலும் திருச்சி தூரத்தை மைலிலும் சொல்லி எது பக்கம் என்று கேட்பது மாதிரி.

இந்த ஆண்டு வித்தியாசம் துறைக்குத் துறை வேறு வேறு விதமாக வேலை செய்யும். செவிலியர் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இளங்கலை முடித்து, உரிமத் தேர்வு எழுதித் தேறினால் மறு மாதமே முழுச் சம்பளம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, பதிவுபெற்ற செவிலியர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2023 மே மாதத்தில் 86,070 டாலர். எந்தக் கல்லூரியில் படித்தாலும் உரிமம் ஒன்றுதான், மருத்துவமனையும் பெரும்பாலும் அதைத்தான் கேட்கும். அதனால் பெயரே கேள்விப்படாத சின்னப் பல்கலைக்கழகத்திலும் செவிலியர் துறையின் தொகை கம்பீரமாக நிற்கும். அது அந்தப் பல்கலைக்கழகத்தின் சாமர்த்தியத்தைவிட அந்தத் தொழிலின் சம்பளம் என்றுதான் எனக்குப் படுகிறது.

உயிரியல் நேர் எதிர். நன்றாகப் படிக்கிறவர்கள் மருத்துவக் கல்லூரிக்கோ ஆராய்ச்சிப் படிப்புக்கோ போய்விடுவார்கள், ஆகவே கணக்கில் இல்லை. பட்டம் வாங்கிய அடுத்த வருடம் வேலையில் இருப்பவர்களில் பலர் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்துகொண்டு நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிறவர்கள். நாளைக்கு மருத்துவராகப் போகிறவரின் இன்றைய கைச்செலவுப் பணம்தான் அங்கே 'உயிரியல் பட்டதாரியின் வருமானம்' என்று பதிவாகிறது. உளவியலும் கிட்டத்தட்ட இப்படித்தான், இளங்கலையோடு நின்றால் சிகிச்சை தர உரிமம் கிடைக்காது.

முழுநேர வேலையா பகுதி நேரமா, படித்த துறையில் வேலையா காபிக் கடையிலா என்பதும் வரிப் பதிவில் தெரியாது. கலிஃபோர்னியாவில் வாங்கும் 60 ஆயிரமும் மிசிசிப்பியில் வாங்கும் 60 ஆயிரமும் ஒரே எண்தான், வீட்டு வாடகையைக் கட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கல்லூரிக்கு மொத்தமாகப் போடும் ஒரே தொகையை நான் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட்டில் ஹார்வி மட் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. சுமார் 900 பேர் படிக்கும் சின்னஞ்சிறு தனியார் கல்லூரி. அங்கே கணிதம், அறிவியல், கணினி, பொறியியல் இவைதான் முதன்மைப் பாடங்கள். அந்த மாதிரி இடத்தின் மொத்த வருமானத் தொகை உயரத்தில் இருப்பதில் ஆச்சரியம் என்ன? கென்டக்கியில் பெரியா கல்லூரி இருக்கிறது, 1855-ல் தொடங்கியது. அங்கே கல்விக் கட்டணமே கிடையாது. மாணவர்கள் ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியிலேயே வேலை பார்க்க வேண்டும். சேர்க்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், அப்பலாச்சிய மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களே அதிகம். இரண்டையும் ஒரே வருமானக் கோட்டில் நிறுத்தினால் பெரியா கீழேதான் நிற்கும். ஆனால் இரண்டில் எது பெரிய வேலை செய்கிறது என்று கேட்டால் நான் பெரியாவைத்தான் சொல்வேன்.

இதன் அடியில் இருக்கும் கேள்வியைப் பொருளியல் அறிஞர்கள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள்: கல்லூரியால் சம்பளம் வந்ததா, சம்பாதிக்கக்கூடிய பிள்ளைகள் அந்தக் கல்லூரிக்குப் போனார்களா? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலம். 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடமும் கிடைத்தவர்களை ஒப்பிட்டார்கள். கிடைத்ததில் கடும் போட்டியுள்ள கல்லூரிக்குப் போனவருக்கும், அதை விட்டுவிட்டுச் சாதாரணக் கல்லூரிக்குப் போனவருக்கும் பிற்கால வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர்பெற்ற கல்லூரி உண்மையிலேயே கைகொடுத்தது. பட்டியலில் இருக்கும் தொகையில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஸ்கோர்கார்டால் முடியாது.

பாடப்பிரிவு என்று எதைச் சொல்கிறார்கள் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு இது வேறு விதத்தில் உதவும். அமெரிக்காவில் ஒவ்வொரு படிப்புக்கும் சி.ஐ.பி. குறியீடு என்று ஆறிலக்க எண் உண்டு. ஸ்கோர்கார்டு அதில் முதல் நான்கு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது: 26.01 என்றால் பொது உயிரியல், 45.06 என்றால் பொருளியல். கடைசி இரண்டு இலக்கம் அங்கே மறைந்துவிடும். ஆனால் விசா விஷயத்தில் அந்த இரண்டு இலக்கம்தான் உயிர்நாடி. மாணவர் விசாவில் படித்தவர் பட்டத்துக்குப் பிறகு 12 மாதம் அங்கே வேலைப் பயிற்சி பெறலாம். 2016-ல் வந்த விதிப்படி, அரசு வைத்திருக்கும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் அவர் படிப்பின் குறியீடு இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். 45.0601 என்ற பொதுப் பொருளியல் அந்தப் பட்டியலில் இல்லை, 45.0603 என்ற கணிதவழிப் பொருளியல் இருக்கிறது. இதற்காகவே பல பல்கலைக்கழகங்கள் தங்கள் பொருளியல் துறையின் எண்ணை மாற்றிக்கொண்டன. அதே பேராசிரியர், ஏறக்குறைய அதே பாடம், எண் மட்டும் வேறு. இங்கிருந்து போகிற பிள்ளைக்கு அந்த எண் இரண்டு வருடச் சம்பளம். பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்திலேயே அது அச்சாகியிருக்கும், விசா நேர்காணலுக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. சின்னத் தனியார் பல்கலைக்கழகங்கள் அறிவிக்கும் கட்டணத்தை எல்லாரும் கட்டுவதில்லை. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி, முதலில் பெரிய விலை, அப்புறம் 'உதவித்தொகை' என்ற பெயரில் கழிவு. 2023-24-இல் அமெரிக்காவின் லாபநோக்கற்ற தனியார் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த முழுநேர மாணவர்களுக்குக் கிடைத்த சராசரிக் கழிவு 56 சதவீதத்தைத் தாண்டியது. ஆகவே முதல் கடிதத்தில் வரும் உதவித்தொகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், கூச்சப்பட்டுக் கேட்காமல் இருக்கவும் வேண்டாம். ஸ்கோர்கார்டில் வரும் கடன் தொகை அமெரிக்க மத்திய அரசுக் கடன் மட்டுமே. பழனியில் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கும் கல்விக்கடன் அதில் எங்கே வரப்போகிறது?

இந்தத் தொகைகளுக்கு இனிமேல் அங்கே பல்லும் முளைக்கப்போகிறது. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டப்படி, ஒரு இளங்கலைப் படிப்பை முடித்தவர்களின் இடைநிலை வருமானம், அந்த மாநிலத்தில் பள்ளிப் படிப்போடு நின்ற 25 முதல் 34 வயதுக்காரர்களின் இடைநிலை வருமானத்தைவிடக் குறைவாக மூன்றில் இரண்டு ஆண்டுகள் இருந்தால், அந்தப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் கிடைக்காது. சின்னத் துறைகளுக்குப் பல ஆண்டு மாணவர்களைச் சேர்த்துக் கணக்கிடச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். இசை, நாடகம், ஓவியம் சொல்லித்தரும் சின்னக் கல்லூரிகள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அண்ணன் இங்கே ஒரு கேள்வி கேட்டார்: "நம்ம ஊர்ல இந்த மாதிரி இருக்கா?" வரிப் பதிவோடு ஒப்பிட்டு எடுப்பது இங்கே இல்லை. ஆனால் 2016 முதல் கல்லூரிகளுக்குத் தரவரிசை வெளியிட்டுவரும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப்.-க்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், தான் சமர்ப்பித்த தகவலைத் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். அந்தப் பி.டி.எஃப்.-ஐத் தேடி எடுங்கள். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், குறித்த காலத்தில் முடித்தவர்கள் எத்தனை, வேலை கிடைத்தவர்கள் எத்தனை, மேலே படிக்கப் போனவர்கள் எத்தனை, வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று ஒரே அட்டவணையில் இருக்கும். கல்லூரி தானே கொடுக்கும் கணக்குதான், இருந்தாலும் விளம்பரத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

உதாரணத்துக்கு (மறுபடியும் என் எண்கள்தான்) 200 பேர் சேர்ந்து, 150 பேர் நேரத்தில் முடித்து, 40 பேர் மேற்படிப்புக்குப் போய், 60 பேருக்கு வேலை கிடைத்து, இடைநிலைச் சம்பளம் 4.5 லட்சம் என்று போட்டிருந்தால், அந்த 4.5 லட்சம் 60 பேரின் நடு. அதாவது அதற்கு மேல் வாங்குபவர்கள் 30 பேர். சேர்ந்தது 200. விளம்பரத்தில் வரும் 'உச்ச பேக்கேஜ்' ஒரே ஒரு ஆளுடையது, அதுவும் சி.டி.சி., அதாவது நிறுவனம் அந்த ஆளுக்குச் செய்யும் மொத்தச் செலவு, பி.எஃப்.-உம் இன்சூரன்ஸும் போனஸும் சேர்த்தது.

சரி, அண்ணன் மகள் விஷயம். பட்டியல் கைவிரித்துவிட்டதால், உயிரியல் துறைக்கே நேராக ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். கடந்த மூன்று வருடத்தில் உங்கள் துறையில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை, இப்போது எங்கே இருக்கிறார்கள், துறையின் சி.ஐ.பி. எண் என்ன. சின்னப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சௌகரியம் இதுதான்: கேள்வி போய்ச் சேரும் இடத்தில் அந்த மாணவர்களைப் பெயர் சொல்லித் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். நாலாவது நாள் துறைத்தலைவரே பதில் போட்டார். மூன்று வருடத்தில் 17 பேர். வெளிநாட்டு மாணவர்கள் 2. ஒருவர் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறார், இன்னொருவர் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். இருவரும் சம்மதித்தால் மகளோடு பேச ஏற்பாடு செய்கிறேன் என்றும் எழுதியிருந்தார்.

அண்ணன் அதை எனக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். "எல்லாம் சரி தம்பி. ரெண்டு பேர்ல நடுவுல நிக்கிற ஆள் யாரு?"